இடம் வேண்டாம் என்றவர்

பக்கம் பார்ப்பவர் என்று ஒரு மனித ரகம் உண்டு. புத்தகத்தில் பக்கம் பார்ப்பவரை நினைத்துக்கொள்ள வேண்டாம். அவர் சாது, விரலில் எச்சில் தொட்டுப் புரட்டிவிட்டுப் போய்விடுவார். நான் சொல்கிறவர் உலகத்தையே நடுவில் கிழித்து, எந்தப் பாதி நல்ல பாதி என்று கண்டுபிடிப்பதற்காகவே பிறவி எடுத்தவர். பஸ் வந்து நிற்கும். நீங்களும் நானும் ஏறுவோம். அவர் ஏறமாட்டார். நெற்றிக்கு மேல் ஒரு கையைக் கூரையாக வைத்துச் சூரியனைப் பார்ப்பார், பஸ்ஸின் மூஞ்சி எந்தத் திசையில் இருக்கிறது என்று பார்ப்பார், பாலத்துக்கு அப்புறம் ரோடு எப்படி வளையும் என்று மனசுக்குள் தானும் ஒருமுறை வளைந்து பார்ப்பார், அதற்குப் பிறகு கண்டக்டரிடம், வெயில் எந்தப் பக்கம் வரும் என்று விசாரிப்பார். கண்டக்டர் வாயைத் திறப்பதற்குள், சூரியனைப் பற்றி வாழ்க்கையில் ஒருநாளும் சிந்தித்திராத நாற்பது பேர் நிழல் பக்கம் முழுவதையும் பிடித்துக்கொண்டு தூங்க ஆரம்பித்திருப்பார்கள்.

பஸ்ஸோடு விட்டதா? சினிமாக் கொட்டகையில் தூண் மறைக்காத பக்கம், ஓட்டலில் சமையலறைக் கதவு தெரியாத பக்கம், கட்டிலில் ஃபேன் காற்று முதலில் வந்து சேரும் பக்கம், குரூப் போட்டோவில் தன் மூக்கு நேராக விழும் பக்கம். பல் பிடுங்கிக்கொள்ளப் போனாலும், எந்தக் கடைவாய் வலிக்கிறது என்று சொல்வதற்கு முன், நாற்காலி எந்தப் பக்கம் சாயும் என்று கேட்டுக்கொள்வார். இந்த நோய்க்கு வைத்தியத்தில் பெயர் இல்லை. பக்கவாதம் என்று வைக்கலாம் என்றால் அந்தப் பெயரை இன்னொரு நோய் ஏற்கெனவே முன்பதிவு செய்துவிட்டது.

இந்த ரகத்தின் அசல் மாதிரி எங்கள் குடும்பத்திலேயே இருக்கிறது. என் அக்காவைக் கட்டியவர், எனக்கு அத்தான்.

அத்தானுக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. முப்பது வருஷமாக ஒரே கேள்வியைக் கேட்டுச் சோறு தின்கிறவர். ஒரு வில்லையைக் கண்முன் போட்டு, "இப்ப நல்லாத் தெரியுதா?" என்பார். அதைக் கழற்றி இன்னொன்றைப் போட்டு, "இல்ல, முன்னாடி நல்லாத் தெரிஞ்சுதா?" என்பார். ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு என்று யாராவது சொன்னால் அவருக்குப் பிடிக்காது. ஒன்றாக இருக்க முடியாது, ஏதாவது ஒன்று நன்றாக இருந்தே தீர வேண்டும் என்று அந்த அப்பாவியைப் பழைய எழுத்தட்டைக்கு முன்னால் இன்னும் கால் மணி நேரம் உட்காரவைப்பார். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஓர் அட்டை. அட்டையில் இரண்டு கட்டம். ஒன்றின் தலையில் 'வலம்', இன்னொன்றின் தலையில் 'இடம்'. லெஃப்ட், ரைட் என்ற சொற்கள் அவர் வாயில் வராது. "நாம என்ன டிராஃபிக் போலீஸா?" என்பார். இடது, வலது என்று இழுப்பதும் கிடையாது. இடம், வலம், அவ்வளவுதான். இதை ஒரு முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

அக்கா ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தவள். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. கதவும் ஈயத்தகடு வைத்த கனமான கதவு. இருபத்தெட்டு வருஷம் அந்தப் பெட்டிக்குள் நின்று, "மூச்சை இழுத்துப் புடிங்க, அசையாதீங்க" என்று ஊரார் நெஞ்சையெல்லாம் படம் பிடித்தாள். பகலில் மழை பெய்ததா என்பதை வீட்டுக்கு வந்து கொடியில் கிடக்கும் துணியைத் தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள். அந்த அறையின் சுவரில் ஒரு காலண்டர் படம் இருந்தது. வருஷம் முடிந்து தாளெல்லாம் கிழிந்த பிறகும் படத்தை மட்டும் அவள் கழற்றவில்லை. ஒரு கறுத்த மலைப்பாறை, அதன் உச்சியிலிருந்து நேராகக் கடலுக்குள் விழுகிற ஓர் அருவி.

ஓய்வு பெற்ற அன்று சாயங்காலம், என்ன வேண்டும் கேள் என்று அத்தான் தாராளமாகக் கேட்டார். அக்கா யோசிக்கவேயில்லை.

"அந்த அருவியை நேர்ல பாக்கணும். கப்பல் போகுதாம். காலைல கண்ணு முழிச்சதும் ஜன்னல்ல அது தெரியணும். படுத்துக்கிட்டே பாக்கணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

இருபத்தெட்டு வருஷத்துக்கு ஒரு ஜன்னல். கேட்டது அவ்வளவுதான். அத்தானுக்கும் அது புரிந்திருக்கும், ஆனால் அவர் கேட்டது வேறு கேள்வி.

"எந்தப் பக்கத்து ஜன்னல்?"

பிடித்தது சனி. பயண ஏற்பாட்டு அலுவலகத்தில் இருந்த பெண் தெளிவாகத்தான் சொன்னாள். ஐந்து நாள் பயணம். கப்பல் துறைமுகத்திலிருந்து வடக்கு நோக்கிப் போகும். கரை நெடுகிலும் கிழக்கே இருக்கும். மூன்றாம் நாள் காலையில் இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே குறுகலான ஒரு நீர்வழிக்குள் நுழையும், அதன் கோடியில் அருவி, பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பும். இருபக்கமும் ஜன்னல் அறைகள் உண்டு, எந்தப் பக்கம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். எந்தப் பக்கம் வேண்டுமானாலும் என்ற சொற்றொடரை ஒரு பக்கம் பார்ப்பவரிடம் சொல்லலாமா? அவள் சின்னப் பெண், அனுபவம் போதாது.

அன்றிலிருந்து மூன்று மாதம் எங்கள் சாப்பாட்டு மேஜை கடலாகிவிட்டது. மேஜை நிறைய வரைபடம். சோப்புப் பெட்டி கப்பல். உப்பு ஜாடி அருவி. நாங்கள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டோம். ஒருநாள் அக்கா தெரியாத்தனமாக ஜாடியைத் தூக்கிவிட்டாள். "அருவியை எடுக்காதே" என்று அவர் பதறிய பதற்றத்தில் எனக்குப் புரையேறிவிட்டது. அன்றைக்கு முழுவதும் உப்பில்லாமல்தான் சாப்பிட்டோம்.

வடக்கே போகிறது, கரை கிழக்கே, ஆகவே வலம் என்று முதல் வாரமே முடிவாகிவிட்டது. முடிவானதுதான் வினை. காலையில் சூரியன் பாறைக்குப் பின்னாலிருந்து அல்லவா வரும், பாறை கறுப்பாகத்தானே தெரியும் என்று இரண்டாம் வாரம் இடத்துக்கு மாறினார். இடப்பக்கம் போகும்போது வெறும் கடல்தானே என்று மூன்றாம் வாரம் வலத்துக்கு வந்தார். திரும்பி வரும்போது கரை இடப்பக்கம் வந்துவிடுகிறதே என்று நான்காம் வாரம். இக்கரைக்கு அக்கரை பச்சை என்று கரையில் நிற்பவனுக்குத்தான் சொல்லிவைத்தார்கள். கப்பலில் கால் வைப்பதற்கு முன்பே இரண்டு கரையும் மாறிமாறிப் பச்சையாகத் தெரிகிறவருக்கு என்ன சொல்வது?

ஒருநாள் கூடத்தின் நடுவில் நின்றுகொண்டு, சமையலறையைக் கப்பலின் மூக்காக வைத்து, வலம் என்றால் மூக்கைப் பார்த்து நிற்கும்போது வலமா, அறைக்குள் நுழையும்போது வலமா, படுத்திருக்கும்போது வலமா, அப்படியானால் குப்புறப் படுத்தால் என்ன ஆகும் என்று என்னைக் கேட்டார். அக்கா துணி மடித்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"எக்ஸ்ரே படத்துல எனக்கு இடப்பக்கம் தெரியறது எதிர்ல நிக்கிறவனுக்கு வலப்பக்கம். ரெண்டு பக்கமும் சேர்ந்தாத்தான் நெஞ்சு. எதையாவது ஒண்ணைச் சீக்கிரம் போடுங்க."

அத்தான் அதையும் குறித்துக்கொண்டு ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். கடைக்கு வருகிறவர்கள் எழுத்தட்டையில் மூன்றாவது வரியைத் திக்கித்திணறிப் படித்துக்கொண்டிருக்கும்போது, கப்பலில் போயிருக்கிறீர்களா என்று காதருகே கேட்பார். ஒரு பெரியவர் பயந்துபோய் நான்காவது வரியில் 'கப்பல்' என்று எழுதியிருப்பதாகவே படித்துவிட்டுப் போனார். மாடி வீட்டுக்காரர் இருபது வருஷம் கப்பலில் வேலை பார்த்தவர் என்று தெரிந்ததும், பழத்தட்டோடு போய்க் காலடியில் உட்கார்ந்தார். எந்தப் பக்கம் காட்சி நன்றாக இருக்கும்? அந்த மனிதர் வெகுநேரம் கண்ணை மூடி ஞாபகப்படுத்திப் பார்த்தார். "நான் எஞ்சின் ரூம்ல இருந்தேன். என் பக்கம் பாய்லர். அதுவும் நல்லாத்தான் இருக்கும்" என்றார். அத்தான் அதையும் எழுதிக்கொண்டு வந்தார்.

பயண அலுவலகத்துப் பெண்ணுக்கு வாரம் இரண்டு போன். திங்கட்கிழமை பேசினால் அவர் 'வலப்பக்கம் சார்', வியாழக்கிழமை பேசினால் 'இடப்பக்கம் சார்'. அலுவலகத்தில் அப்படித்தான் பெயர் வைத்திருந்தார்கள் என்று பிற்பாடு தெரிந்தது. கோபத்தில் வைத்த பெயரல்ல. இந்த மனிதர் எப்படியும் கடைசியில் முதலில் சொன்னதற்கே வருவார் என்று அந்தப் பெண் ஊகித்து, வலப்பக்கத்தில் நடுநாயகமான ஒரு ஜன்னல் அறையை எங்கள் பெயரில் நிறுத்திவைத்திருந்தாள். அவளுக்குப் புண்ணியமாகப் போகட்டும். உறுதி செய்ய வேண்டிய கடைசி நாள் வந்தது. அத்தானும் அன்று காலை காபி குடித்து முடித்ததும், வலம்தான், இனிமேல் மாற்றமில்லை என்று மேஜையில் தட்டினார். சோப்புப் பெட்டி கவிழ்ந்தது. சகுனத்தை யார் கவனித்தார்கள்?

அப்போதுதான் போன் அடித்தது. நான் பக்கத்தில்தான் இருந்தேன். அவள் பேசியதும் கேட்டது.

"சார், இடம் உறுதி பண்ணிடட்டுமா?"

"இடமா? இடம் வேண்டாம்மா."

"வேண்டாமா? நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா சார்?"

"மூணு மாசமா யோசிச்சுத்தான் சொல்றேன். இடம் வேண்டவே வேண்டாம்."

"மேடம் கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டீங்களா?"

"அவளுக்கும் இடம் வேண்டாம்."

பிறகு அவள், சரிங்க சார், அப்படியே பண்ணிடறேன் என்று வைத்துவிட்டாள். அத்தான் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, எதையும் இப்படித் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், குழப்பத்துக்கு இடம் கொடுக்கக் கூடாது என்றார். நானும் தலையை ஆட்டினேன். பொய் சொல்வானேன், எனக்கும் அது தெளிவாகத்தான் பட்டது. அந்த வீட்டில் மூன்று மாதம் இருந்தால் உங்களுக்கும் இடம் என்றால் ஒரே அர்த்தம்தான் இருக்கும்.

மறுவாரம் டிக்கெட் வாங்கப் போனோம். அக்கா புதுச் செருப்பு போட்டுக்கொண்டு வந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் அந்தப் பெண் எழுந்து நின்றுவிட்டாள்.

"நீங்கதானே சார் இடம் வேண்டாம்னு சொன்னீங்க? மேடத்துக்கும் வேண்டாம்னீங்க. உடம்பு கிடம்பு சரியில்லையோன்னு நான் மேற்கொண்டு கேக்கல. அந்த ரூமை வேற ஒருத்தர் எடுத்துட்டார்."

அத்தான் விளக்கினார். இடம் என்றால் இடம் அல்ல, இடப்பக்கமாகிய இடம். வேண்டாம் என்றது அந்த இடத்தை, இந்த இடத்தை அல்ல. வலத்தில் இடம் வேண்டும் என்பதற்காகத்தான் இடத்தில் இடம் வேண்டாம் என்றது. அடுத்த மேஜைக்காரர்கூட எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். பாவம் அந்தப் பெண், கம்ப்யூட்டரைத் தட்டித்தட்டிப் பார்த்தாள். இடமும் இல்லை, வலமும் இல்லை. ஒரே ஒரு உள்ளறைதான் பாக்கி.

"ஜன்னல் இருக்கா?" என்று அக்கா கேட்டாள்.

"திரைச்சீலை இருக்கு மேடம்."

"அதை விலக்கினா?"

"சுவர்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அக்கா முகத்தைப் பார்த்ததும் அது அப்படியே நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அவள் சத்தம் போடவில்லை. கைப்பையின் வாரைச் சரிசெய்துகொண்டு, அத்தான் பக்கம் திரும்பாமலே பேசினாள்.

"இருபத்தெட்டு வருஷம் ஜன்னல் இல்லாத ரூம்ல நின்னேன். இப்ப படுக்கிறதுக்கும் ஒண்ணு பாத்துக் குடுத்துட்டீங்க."

மனுஷன் கூனிக்குறுகிப் போனார். இனிமேல் போவதாவது, வேண்டாம் என்று சொல்லிவிடுவாள் என்றே நினைத்தேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அதையே கொடும்மா, போறோம் என்றாள். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டு, அவளே போட்டாள். அத்தான் வாசல் வரைக்கும் வந்தார், நின்றார், திரும்பிப் போய் அந்தப் பெண்ணிடம் மெதுவாக ஏதோ கேட்டுவிட்டு வந்தார். என்ன கேட்டீர்கள் என்றேன். ஒன்றுமில்லை, அந்த உள்ளறை நடுவிலிருந்து கொஞ்சம் வலப்பக்கமாக இருக்கிறதா, இடப்பக்கமாக இருக்கிறதா என்றுதான் கேட்டாராம். சொல்லுங்கள், இவரை என்ன செய்வீர்கள்?

மிச்சக் கதையை அக்கா சொல்லித் தெரிந்துகொண்டேன். அத்தானும் சொன்னார், ஆனால் அவர் சொன்னதைக் கேட்டால் அவர்கள் இரண்டு பேரும் வேறு வேறு கப்பலில் போய்வந்த மாதிரி இருக்கும்.

உள்ளறையில் பகலும் கிடையாது, இரவும் கிடையாது. மூன்றாம் நாள் அக்காவுக்கு விழிப்பு வந்தபோது திரைச்சீலையை விலக்கிப் பார்த்தாளாம். சுவர்தான். ஜன்னல் இருந்திருந்தால் போர்வையை இழுத்துக்கொண்டு படுத்தபடியே பார்த்திருப்பாள். இல்லையே. அத்தான் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். ஒரு சால்வையைப் போர்த்துக்கொண்டு படி ஏறி, மேல்தளத்துக்குப் போய், எங்கே உட்காருவது என்று தெரியாமல் நடந்து நடந்து, நடக்க இடமில்லாமல் முடிகிற இடத்தில், கப்பலின் மூக்கு முனையில், யாரோ விட்டுவிட்டுப் போன ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். இரண்டு பாறைச் சுவர்களும் இருபுறமும் மெல்ல மெல்ல வந்துகொண்டிருந்தன. கொஞ்ச நேரத்தில் எதிரே ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. கோடு தடித்தது. சத்தம் கேட்டது. அருவி நேராக அவள் முகத்துக்கு எதிரே வளர்ந்து, வளர்ந்து, கடைசியில் கழுத்தை நிமிர்த்தினாலும் உச்சி தெரியாத அளவுக்கு வந்து நின்றது. சாரல் முகத்தில் அடித்தது. துடைத்துக்கொள்ளவில்லையாம். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தேன் என்றாள். சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது. அப்படிச் சந்தோஷப்பட்டு நான் அவளைப் பார்த்ததேயில்லை.

அந்த நேரம் அத்தான் என்ன செய்துகொண்டிருந்தார்? அருவிச் சத்தத்தில் விழித்து, பனியனோடு படியேறி, முன்பே முடிவு செய்தபடி வலப்பக்கத்துக்கு ஓடினார். அங்கே நூறு பேர் முதுகு. முதுகுகளை விலக்கிக்கொண்டு கம்பியைப் பிடிப்பதற்கும், எல்லாரும் நன்றாகப் பார்க்கட்டும் என்று கேப்டன் கப்பலை நின்ற இடத்திலேயே மெதுவாகச் சுழற்றத் தொடங்குவதற்கும் சரியாக இருந்தது. அருவி இடப்பக்கம் போய்விட்டது. அத்தான் சாப்பாட்டு ஹாலுக்குள் புகுந்து, நாற்காலிகளைத் தாண்டி, தட்டோடு வந்தவரைத் தட்டிவிட்டு, மன்னிப்புக் கேட்டுக்கொண்டே மறுபுறம் போய்ச் சேர்ந்தார். அதற்குள் கப்பல் இன்னும் திரும்பி, அருவி பின்பக்கம் நகர்ந்துவிட்டது. பின்பக்கம் ஓடினார். அங்கே போனால், இப்பத்தான் அந்தப் பக்கம் போச்சு என்று ஒரு குழந்தை கையைக் காட்டியது. கப்பல் சுற்றச் சுற்ற இவரும் சுற்றினார். கப்பலின் வேகமும் இவர் வேகமும் அப்படிக் கச்சிதமாகப் பொருந்திவிட்டதால், முதலிலிருந்து கடைசி வரைக்கும் அருவி இவர் முதுகுக்குப் பின்னாலேயே இருந்தது. மூன்று மாதமாக வலம் வேண்டும், வலம் வேண்டும் என்றவர் கப்பலையே ஒருமுறை வலம் வந்து முடித்தார்.

மூச்சு இரைக்க அவர் முனைக்கு வந்து சேர்ந்தபோது கப்பல் திரும்பும் வழியைப் பிடித்திருந்தது. அக்கா இன்னும் அதே நாற்காலியில்தான் இருந்தாள்.

"பாத்தியா? எந்தப் பக்கம் இருந்துச்சு?"

"எதிர்ல."

அந்தத் திசையை அவர் வரைபடத்தில் யோசித்ததேயில்லை. பக்கத்தில் ஒரு மடக்கு நாற்காலி சாத்திவைத்திருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு அவளுக்கு இந்தப் புறம் வந்தார், அந்தப் புறம் போனார், மறுபடி இந்தப் புறம் வந்தார்.

"நான் எந்தப் பக்கம் உக்காரட்டும்?"

"என் பக்கத்துல உக்காருங்க."

உட்கார்ந்துவிட்டார். எந்தப் பக்கம் என்று அக்கா என்னிடம் சொல்லவில்லை. அவருக்கும் ஞாபகமில்லை என்கிறார், அதுதான் இந்தக் கதையிலேயே பெரிய அதிசயம். பிறகு அவர் கையை நீட்டி, அவள் முகத்திலிருந்து கண்ணாடியைப் பதமாகக் கழற்றினார். அவர் கடையில் அவரே செய்துகொடுத்த கண்ணாடி. அதில் சாரல் துளித்துளியாக நின்றது. பனியன் நுனியால் துடைக்கப் போனவர் நிறுத்தி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"வலத்துல ரெண்டு துளி. இடத்துல அஞ்சு. அப்பவே நெனச்சேன், இடப்பக்கம்தான் சரி."

அக்கா சிரித்த சிரிப்பில் நாற்காலியே கவிழவிருந்ததாம். சுவர் பார்த்த அறைக்காக அவள் மனசில் வைத்திருந்ததெல்லாம் அந்தச் சிரிப்போடு கடலில் போய்விட்டது. இப்போது அந்தக் காலண்டர் படம் வீட்டில் தொங்குகிறது. எந்தச் சுவரில் மாட்டுவது என்பதில் அவர்களுக்குள் பேச்சுவார்த்தை நடந்துவருகிறது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. நமக்கு அந்த வியாதி இல்லையப்பா என்று நிம்மதியாக இருக்கிறீர்கள், அதுவும் நல்லது. ஒன்றே ஒன்று கேட்டுவிட்டு விடைபெறுகிறேன். கப்பல் வடக்கே போகிறது, கரை கிழக்கே இருக்கிறது, ஆகவே வலம் என்று நான் எழுதிய இடத்தில், நான் சொல்வதை அப்படியே நம்பி மேலே படித்தீர்களா? இல்லை, ஒரு நிமிஷம் நிறுத்தி, மனசுக்குள் வடக்கே திரும்பி நின்று, யாரும் பார்க்காதபடி ஒரு கையை லேசாக அசைத்துப் பார்த்தீர்களா?

வலம்தான். கையைக் கீழே போடுங்கள்.